தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைப்பது எப்படி?

மூன்றாம் பருவத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள் காலையில், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது பற்றிக் கேட்பதற்காக ஒரு மாணவர் எங்கள் துறை அறைக்கு வந்தார். முதலில் விடைத்தாளின் நகலைப் பெற வேண்டும், அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி மதிப்பெண் கூட வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, அவர் தம் கைபேசியை என் முன் நீட்டி, "அப்பா லைன்ல இருக்காங்க சார், நீங்களே சொல்லிடுங்க" என்றார். அந்தத் தந்தை கேட்டவை எல்லாம் பொருத்தமான கேள்விகள்தாம். ஐந்து நிமிடம் பேசி முடித்துக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது, மாணவர் சுவரில் ஒட்டியிருந்த பழைய கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பேச்சு முழுவதும் அவருடைய விடைத்தாளைப் பற்றியதாக இருந்தும், அதில் அவருக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 19.

பொறியியல் கல்லூரி ஒன்றில் வகுப்பு ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டதால், இப்படி நீட்டப்பட்ட கைபேசிகளை நிறையப் பார்த்துவிட்டேன். சென்னையில் படிக்கும் மகளுக்குத் தந்தையாக, அந்தக் கைபேசியின் மறுமுனையிலும் இருந்திருக்கிறேன். கல்லூரியிலோ முதல் வேலையிலோ பிள்ளை இருக்கும் பெற்றோருக்காக, அவர்கள் கையில் இருக்கும் பொறுப்புகளை எந்த வரிசையில், எப்படி மாற்றிக் கொடுக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எது அக்கறை, எது அளவு மீறல்

வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் உதவுவதில் தவறில்லை. நம் வீடுகளில் அந்த உதவி திருமணத்துக்குப் பிறகும், பேரப்பிள்ளை பிறந்த பிறகும் தொடரும், தொடரத்தான் வேண்டும். கேடு வருவது, பிள்ளைக்குச் செய்யத் தெரிந்ததை, அல்லது ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் தெரிந்துகொள்ளக்கூடியதை, அவர் கேட்காதபோதே நாம் செய்து முடித்து, முடிவையும் நாமே எடுத்துவிடும்போதுதான். தலைக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருப்பவர்கள் என்ற பொருளில் இவர்களை 'ஹெலிகாப்டர் பெற்றோர்' என்று 1990-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபாஸ்டர் கிளைன், ஜிம் ஃபே இருவரும் குறிப்பிட்டனர். உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்று அந்தப் பெயரையே வழங்குகிறார்கள்.

இதனால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் வகுத்த கோட்பாடு உதவும். நம் செயல் நம் விருப்பத்திலிருந்து வருகிறது என்ற உணர்வு, நம்மால் முடியும் என்ற உணர்வு, நெருங்கியவர்களோடு பிணைப்பு ஆகிய மூன்றும் மனிதருக்கு உணவைப் போல வேண்டும் என்கிறார்கள் அவர்கள். அளவு மீறிய தலையீடு, மூன்றாவதை ஊட்டுவதாக எண்ணிக்கொண்டு முதல் இரண்டையும் பட்டினி போடுகிறது. அமெரிக்காவில் ஹோலி ஷிஃப்ரின் குழுவினர் 297 கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரின் தலையீடு அதிகம் என்று கூறிய மாணவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாகவும், வாழ்க்கை மீதான நிறைவு குறைவாகவும் காணப்பட்டன. அந்த முதல் இரண்டு உணர்வுகளும் குன்றியிருந்ததே இதற்குப் பெரும்பாலும் விளக்கமாக அமைந்தது.

அதே நாட்டில் கேரன் ஃபிங்கர்மன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. பெற்றோரிடமிருந்து அடிக்கடி, பல வகையான உதவி பெற்ற வளர்ந்த பிள்ளைகள் உதவி பெறாதவர்களைவிட நிறைவாக இருந்தார்கள். ஆனால் 'என் பிள்ளைக்கு அளவுக்கு மேல் உதவி தேவைப்படுகிறது' என்று எண்ணிய பெற்றோரின் நிறைவு குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பிள்ளையை வாடச் செய்வது உதவியின் அளவு அன்று, முடிவெடுக்கும் உரிமை பறிபோவதே. தம் பிள்ளையைத் திறனற்றவராக எண்ணிக்கொண்டே உதவும் பெற்றோர், அந்த எண்ணத்தின் சுமையில் தாமும் வாடுகிறார்கள்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க மாணவர்களிடம் ஒரே சமயத்தில் கேட்டுப் பெற்ற விடைகள் என்பதால், எது காரணம், எது விளைவு என்று அறுதியிட முடியாது. 38 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பயந்துதான் பெற்றோர் கூடுதலாக நெருங்கியிருக்கவும் கூடும். ஆகவே இதுவரை செய்ததை எண்ணிக் குற்ற உணர்வில் புழுங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, பிள்ளைக்காக நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் ஏழு நாள்களுக்கு எழுதுங்கள். காலையில் தொலைபேசியில் எழுப்பிவிட்டது, விடுதிக் கட்டணத்தைக் கட்டியது, வகுப்பு ஆலோசகருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியது, ரயில் டிக்கெட் எடுத்தது என்று எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பிள்ளை கேட்டாரா, அவரால் முடியாததா என்ற இரண்டை மட்டும் குறியுங்கள். என் நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. என் மகள் கேட்டு நான் செய்தவை அவற்றில் மூன்றே. அவளுடைய கல்லூரியின் உள்மதிப்பீட்டுத் தேர்வு அட்டவணையைத் தேடியெடுத்து அவளுக்கே நான் அனுப்பியிருந்ததை, எழுதிப் பார்க்கும் வரை நான் உணரவே இல்லை.

கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதிப் பிறகு சேர்ந்து படிப்பது நல்லது. பல வீடுகளில் ஒருவர் விட்டுக்கொடுத்த வேலையை மற்றவர் ரகசியமாக எடுத்துக்கொள்கிறார்; அப்பா பணத்தைக் குறைத்தால் அம்மா ஜிபேயில் அனுப்பிவிடுகிறார். இருவரும் ஒத்துப்போகாமல் எதையும் ஒப்படைக்க முடியாது.

ஒப்படைக்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு "இனி உன் பாடு" என்று சொல்வது ஒப்படைப்பு ஆகாது. அது பிள்ளைக்குத் தண்டனையாகவே தெரியும். மாதம் ஒன்று அல்லது இரண்டு பொறுப்புகளை, நாள் குறித்து, முன்கூட்டியே சொல்லி மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் முதல் முறை நாம் செய்வதை அவர் பார்க்க வேண்டும், இரண்டாம் முறை அவர் செய்யும்போது நாம் பக்கத்தில் இருக்கலாம், மூன்றாம் முறையிலிருந்து நாம் கேட்கவும் கூடாது.

உடலும் அன்றாடமும் முதலில் வரட்டும். தானே எழுவது, துணி துவைப்பது, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போய்த் தன் வாயால் நோயைச் சொல்வது ஆகியவை, கேட்பதற்கு எளியவையாகத் தோன்றினாலும், எதற்குத் தனக்கு ஒவ்வாமை உண்டு என்று சொல்லத் தெரியாத 20 வயதுப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். கல்லூரி முடியும் வரை தட்டைக் கழுவியறியாத ஆண் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள் என்பதையும், அதே வீட்டுப் பெண் பிள்ளைக்கு வேலைகள் முன்பே வந்துவிடுகின்றன, முடிவுகள் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். நம் ஊரில் பொறுப்பு சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால், இங்கே சற்று நிற்கிறேன். பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. விண்ணப்பத்தில் தந்தையின் கைபேசி எண், மின்னஞ்சலுக்குப் பிரவுசிங் சென்டர்காரர் அப்போதைக்கு உருவாக்கிக் கொடுத்த முகவரி, கல்லூரி விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தியவர் சித்தப்பா என்று அமைந்துவிட்டால், தன் நான்கு ஆண்டுகளைத் தீர்மானித்த பட்டியலைப் பிள்ளை ஒரு முறைகூட முழுதாகப் படித்திருக்க மாட்டார். அந்த எண்ணே பிறகு வங்கிக்கும், உதவித்தொகைக்கும், தேர்வுப் பதிவுக்கும் போய்விடுகிறது. ஓடிபி எல்லாம் தந்தைக்கு வருவதால், மகள் வகுப்பில் இருந்துகொண்டு, பணியிடத்தில் இருக்கும் தந்தையை அழைத்து, அவர் ஆறு எண்களைப் படித்துக் காட்டும் வரை எதையும் செய்ய முடியாமல் இருக்கிறாள்.

இதைச் சரிசெய்ய ஒரு விடுமுறை போதும். ஆதாரில் பிள்ளையின் கைபேசி எண்ணைச் சேவை மையத்தில் மாற்றுங்கள். வங்கிக் கணக்கு பாதுகாவலர் பெயரில் இயங்கிவந்திருந்தால், 18 வயது நிறைந்ததும் கிளையில் பிள்ளையின் மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்து அவரே இயக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றிதழ்களை, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் அவருடைய கணக்கில் அவரே சேர்க்கட்டும். கடவுச்சொல்லை அவர் உங்களிடம் சொல்ல வேண்டாம். ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்ற பாடத்தையும் அன்றே சேர்த்துக் கற்பியுங்கள். இத்தனை நாள் அதைத் தந்தையிடம் கேட்டுப் பழகியவருக்கு, அது பகிரக்கூடாத ஒன்று என்பதே புதிய செய்தியாக இருக்கும்.

முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் இவை எல்லாவற்றையும் தாமே செய்து, பெற்றோருக்கும் செய்து தருகிறார்கள். அவர்களுடைய துணிவைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். ஆயினும் கேட்டால் உதவ ஒருவரும் இல்லாத அந்தத் தனிமையையும் கண்டிருக்கிறேன், அதை எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, கல்லூரி. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாமல் போகலாம் என்பதைப் பிள்ளை அறிவார். அதை நீங்கள் தினமும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. அரியர் விழுந்தால் ஆசிரியரிடம் பேச வேண்டியவர் அவர்தான். ஆசிரியர் உங்களை அழைத்தாலும், "அவனையும் கூட வைத்துக்கொண்டு பேசுவோம் சார்" என்று கேளுங்கள். ஆலோசகர்களாகிய நாங்களும் மாற வேண்டும். கைபேசி நீட்டப்படும்போது நான் இப்போது அதை வாங்குவதில்லை, "முதலில் நீங்கள் கேளுங்கள், பிறகு அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்" என்கிறேன்.

பணத்தில் ஒரே ஒரு விதி போதும். மாதத் தொகையை இருவரும் பேசி முடிவுசெய்து முதல் தேதியில் கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்காதீர்கள். முதல் மாதம் 20-ஆம் தேதியே தீர்ந்துவிடும். அந்தப் பத்து நாளை விடுதி உணவோடு அவர் கடத்தட்டும்.

பெரிய முடிவுகள் கடைசியில் வருகின்றன. விருப்பப் பாடம், மேற்படிப்பு, வேலைக்கு எந்த ஊர், யாரோடு திருமணம் ஆகியவற்றில் உங்கள் கருத்தை ஒளிக்காமல், முழுமையாக, காரணத்தோடு சொல்லுங்கள். ஆனால் ஒரு முறை சொல்லுங்கள். அதே கருத்தை மாமா வழியாகவும், பாட்டியின் ரத்த அழுத்தத்தின் வழியாகவும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது வற்புறுத்தல். 18 வயதானவர் நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கத் தகுதியானவர் என்று 1989 முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

தொலைபேசி

"சாப்பிட்டியா?" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லும் ஆலோசனைகள் எனக்கு உடன்பாடில்லை. நம் மொழியில் அது அன்பின் முகமன்; அதைக் கேட்டுப் பிள்ளைக்கு மூச்சு முட்டுவதில்லை. மூச்சு முட்டவைப்பது, அழைப்பை எடுக்காவிட்டால் உடனே அறைத்தோழிக்கும் விடுதிக் காப்பாளருக்கும் போகும் அடுத்தடுத்த அழைப்புகள். எந்த நேரத்தில் பேசலாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். அவசரமென்றால் இரண்டு முறை தொடர்ந்து அழைப்போம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நேரத்தில் எடுக்காததற்கு விளக்கம் கேட்காதீர்கள். இருப்பிடத்தைக் கைபேசியில் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். இரவுப் பயணத்தில் அவரே விரும்பிப் பகிர்ந்தால் அது பாதுகாப்பு. மற்றபடி அந்தப் புள்ளி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

தவறும்போது

ஒப்படைத்த பொறுப்பு முதல் முறை தவறும் அன்றுதான், நாம் உண்மையில் ஒப்படைத்தோமா என்பது தெரியும். என் மகளிடம் பயணத்தை ஒப்படைத்த பிறகு வந்த முதல் விடுமுறையில், எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸைத் தவறவிட்டுவிட்டு அவள் என்னை அழைத்தாள். ரயில் கிளம்பும் ஓசை எனக்கும் கேட்டது. என் விரல் அதற்குள் பேருந்து முன்பதிவுச் செயலியைத் திறந்துவிட்டது. நோட்டில் எழுதிய இரண்டு பக்கங்கள் நினைவுக்கு வந்ததால், செயலியை மூடிவிட்டு, "இப்ப என்னம்மா பண்ணலாம்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அதைத் தாங்குவதுதான் அன்று எனக்கு இருந்த கடினமான வேலை. பிறகு, "புறநகர் ரயில்ல வண்டலூர் போய், கிளாம்பாக்கத்துல மதுரை பஸ் பிடிக்கிறேன்ப்பா. மாட்டுத்தாவணிக்கு வர ராத்திரி ஆயிடும். நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். போனேன். நள்ளிரவை ஒட்டி இறங்கியவள், வண்டியில் உட்கார்ந்ததுமே, கிளாம்பாக்கத்தில் எந்தப் பக்கம் அரசு விரைவுப் பேருந்து நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ரயிலை ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பெட்டியடுக்கத் தாமதமாகிவிட்டது என்று அவளே சொன்னாள்.

பிள்ளை கேட்ட உதவியை மறுக்கத் தேவையில்லை என்பதையும் இதிலிருந்து கவனியுங்கள். ரயில் போய்விட்டாலோ, அரியர் விழுந்தாலோ, கட்டணத்தின் கடைசி நாள் கடந்து அபராதம் வந்தாலோ, முதலில் அவர் பேசி முடிக்கும் வரை கேளுங்கள்; பிறகு என்ன செய்ய எண்ணுகிறார் என்று கேளுங்கள்; அதன் பிறகு, உங்களால் என்ன ஆக வேண்டும் என்று கேளுங்கள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பதைச் சொல்லாமல் விழுங்கப் பழகுங்கள்.

பெற்றோரின் பங்கு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக வேலையை விட்ட தாய்மார்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ப்ளஸ் டூ வரை பிள்ளையின் கால அட்டவணையே அவர்களுடைய கால அட்டவணையாக இருந்து, பிள்ளை விடுதிக்குப் போன ஜூலையில் ஒரு பகல் முழுவதும் வெறுமையாக அவர்கள் முன் நிற்கிறது. அந்த வெறுமையைத் தாங்க முடியாமலேயே கைபேசி எடுக்கப்படுகிறது. "பெற்றோர் தம் பிள்ளைகளில் மிகவும் வாடுபவரின் அளவுக்கே மகிழ்ச்சியாக இருப்பார்கள்" என்று ஒரு சொல்வழக்கு உண்டு; ஃபிங்கர்மன் குழுவினரின் இன்னொரு ஆய்வில், ஒரு பிள்ளை சிக்கலில் இருந்தாலே பெற்றோரின் நலம் குறைவதும், மற்றொரு பிள்ளையின் வெற்றி அதை ஈடுசெய்யாததும் தெரியவந்தன. அந்த வருத்தத்தை ஒழிக்க முடியாது. ஆனால் நம் நாள் முழுவதும் அதற்குள்ளேயே கழியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையிடம் ஒப்படைத்த ஒவ்வொரு வேலைக்கும் ஈடாக, உங்களுக்கென்று ஒன்றை அதே நேரத்தில் வையுங்கள். காலை எழுப்பும் அழைப்பு நின்றால் அந்த அரை மணியில் நடைப்பயிற்சி. மாலை விசாரணை நின்றால் நூலகமோ, விட்டுப்போன பாட்டு வகுப்போ, பழைய தோழியோ. வெற்று நேரத்தை மனவுறுதியால் மட்டும் காக்க முடியாது என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். கல்யாண வீட்டில் "பையனுக்கு எத்தனை அரியர்?" என்று கேட்கும் உறவினருக்கும் ஒரு விடையை முன்பே வைத்துக்கொள்ளுங்கள்: "அவன்கிட்டயே கேளுங்க, அவன்தான் பாத்துக்கிறான்." சொல்லச் சொல்ல, அது உண்மையாகவும் ஆகிவிடும்.

விலகக் கூடாத இடங்கள்

பல நாள்களாகத் தூங்காமல், உண்ணாமல், யாரோடும் பேசாமல் இருப்பது, சாவைப் பற்றிப் பேசுவது, கடன் செயலிகளில் சிக்குவது, ராகிங், காதலின் பெயரால் மிரட்டல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், கேட்காவிட்டாலும் உடனே போய் நில்லுங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். ராகிங்கைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522. ஆபத்து நீங்கிய பின் பொறுப்புகளை மீண்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். நெருக்கடியில் எடுத்துக்கொண்டவை பல வீடுகளில் அப்படியே தங்கிவிடுகின்றன.

பிள்ளைகளுக்குச் சில வரிகள்

பெற்றோர் அதிகம் கேட்பதால் நீங்கள் மறைப்பதும், நீங்கள் மறைப்பதால் அவர்கள் இன்னும் தோண்டுவதும் ஒன்றையொன்று வளர்க்கும். அதை உங்கள் பக்கத்திலிருந்தும் முறிக்கலாம். ஒரே ஒரு பொறுப்பைத் தேர்ந்தெடுத்து, "இந்தப் பருவத்திலிருந்து கட்டணத்தை நானே கட்டுகிறேன், கட்டியதும் ரசீதை அனுப்புகிறேன்" என்று சொல்லி, அவர்கள் கேட்பதற்கு முன் ரசீதை அனுப்பிவிடுங்கள். அப்படி இரண்டு பருவம் போனால் மூன்றாவதில் ரசீதைக் கேட்கவே மாட்டார்கள். உதவி வேண்டும்போது வெட்கப்படாமல், எந்த உதவி வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். "வண்டி எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வாருங்கள்" என்பதைப் போல.

இந்த வாரம் ஒன்றிலிருந்தாவது தொடங்க வேண்டுமென்றால், வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். கிளைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். எண்ணை மாற்றும் படிவத்தைப் பிள்ளை நிரப்பட்டும், கவுண்டரில் அவரே பேசட்டும், நீங்கள் பின்னால் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். அலுவலர் உங்களைப் பார்த்துக் கேட்டால், பிள்ளையின் பக்கம் கையைக் காட்டுங்கள்.